ஜோன்ஸ் எண்டால் ஆற்றை பிள்ளை?

1

போன சனிக்கிழமை ஸ்காபரோ மல்வேர்னில் ஒரு கொத்துரொட்டிக் கடையில் என் பெயரை உரத்துக் கூப்பிட்டார்கள். எழுந்து போனது நான் இல்லை. இதில் என்ன புதினம் என்று ஊரில் இருக்கிற நீங்கள் நினைக்கலாம். கனடாவில் என் பெயரை ஒருவரும் கூப்பிடுவதில்லை என்பதை முதலில் சொன்னால்தான் அது உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் சிவநேசன். என்னைப் பெற்ற ஐயாவின் பெயர் வல்லிபுரம். ஊரில் நான் வ. சிவநேசன். ஐயா ஓர் எழுத்தாகவும் ஒரு புள்ளியாகவும் எனக்கு முன்னால் அடக்கமாக நிற்பார். இங்கே வந்து இறங்கிய அன்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களிடம் அப்படி ஒரு சாமான் இல்லை என்று சொல்ல எனக்கு ஆங்கிலமும் காணாது, துணிவும் காணாது. ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவார்களோ என்ற பயத்தில், கைவசம் இருந்த ஒரே மிச்சப் பெயரைக் கொடுத்தேன்.

அன்று தொடக்கம் நான் மிஸ்டர் வல்லிபுரம். வங்கியில், பல் வைத்தியரிடம், கார் திருத்தும் இடத்தில், எங்கே போனாலும் கூப்பிடுவது ஐயாவைத்தான். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது வவுனியாவைத் தாண்டியதில்லை. மார்கழி மாதத்தில் காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு குளிரைத் திட்டியவர். இப்போது ஸ்காபரோ முழுக்க அவரைத்தான் தேடுகிறார்கள். பல்லுக்குத்து எனக்கு, வைத்தியரின் கதிரையில் ஏறுவது ஐயா.

என் மனைவி தவமணி எங்கள் வழக்கப்படி புருஷன் பெயரைப் பின்னால் போட்டுக்கொண்டாள். தவமணி சிவநேசன். எங்கள் ஒரே மகள் மதுரா சிவநேசன். கனடா அரசாங்கத்தின் பார்வையில் அவர்கள் இருவரும் ஒரு குடும்பம். நான் அவர்களுடைய நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் யாரோ ஒரு வல்லிபுரம்.

மதுரா சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று கூட்டிவரப் போனேன். பள்ளிக்கூட ஒபிசில் இருந்த பெண் என் லைசென்சைப் பார்த்தாள், பிள்ளையின் பெயரைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். பெயர் வேறாக இருக்கிறதே என்றாள். தகப்பன் என்றேன். அவள் நம்பாமல் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, வல்லிபுரம் என்று ஒருவர் வந்து பிள்ளையைக் கேட்கிறார், தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். தவமணி இரவு வேலை முடித்து வந்து நித்திரையில் கிடந்தவள். மாமனாரின் பெயரைக் கேட்டதும் திடுக்கிட்டு, "அவர் செத்துப்போனார், அவர் எப்பவோ செத்துப்போனார்" என்று ஆங்கிலத்தில் கத்தியிருக்கிறாள். அதன் பிறகு அந்த ஒபிசில் நடந்ததை நான் விபரிக்கப் போவதில்லை. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரும்போது காய்ச்சல் மாறிவிட்டிருந்தது.

அதே மதுரா இப்போது மோர்னிங்சைட் பக்கம் ஒரு உயர்பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறாள். இரண்டு பனிக்காலத்துக்கு முன், அவளுடைய கார் ஸ்டார்ட் வரவில்லை என்று கூட்டிவரப் போய் வாசலில் நின்றேன். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கையை ஆட்டி, "பாய், மிஸ் சிவநேசன்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்த்தேன். சோமாலியப் பிள்ளை ஒரு விதமாகச் சொன்னது, பிலிப்பீன் பிள்ளை ஒரு விதமாகச் சொன்னது, எல்லாம் நான்தான். நான் என் வாயால் ஒருநாளும் பாவிக்காத என் பெயரை மகள் இவ்வளவு பேருக்குப் பழக்கி வைத்திருக்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

2

போன வருடம் இலை கொட்டுகிற காலத்தில், ஒரு ஞாயிறு, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மதுரா கையைக் கழுவாமலே சொன்னாள்.

"அப்பா, ஐ ஆம் சீயிங் சம்வன். சீரியஸ்தான். பேர் ரீஸ். ரீஸ் ஜோன்ஸ். அவரின்ரை அப்பா வேல்ஸிலயிருந்து வந்தவர்."

நான் தவமணியைப் பார்த்தேன். அவள், "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?" என்று கேட்டாள். இவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அதில் விளங்கிவிட்டது.

வெள்ளைக்காரப் பெடியன் என்பதை நான் ஒரு கிழமையில் விழுங்கிவிட்டேன். எங்கள் தெருவிலேயே நாலைந்து வீட்டில் விழுங்கியிருக்கிறார்கள், ஒருவருக்கும் சமிபாட்டில் பிழை இல்லை. எனக்குத் தொண்டையில் நின்றது வேறு இரண்டு விஷயம்.

ஒன்று, விசாரிக்க வழியில்லை. கலியாணம் என்றால் எங்கள் ஆட்கள் விசாரிக்காமல் ஓம் சொல்லுவதில்லை. எந்த ஊர், ஆற்றை பிள்ளை, ஆருடைய பேரன், தாய் எந்தப் பகுதி என்று தொடங்கினால் மார்க்கம் நகரத்துக்கு ஓர் அழைப்பு, பாரிசுக்கு ஓர் அழைப்பு, பின்னேரத்துக்குள் பாட்டனார் யாரோடு வேலிச்சண்டை பிடித்தார் என்பதுவரை வந்து சேரும். ஜோன்ஸை எங்கே விசாரிப்பது? கொம்பியூட்டரில் ஜோன்ஸ் என்று அடித்துப் பார்த்தேன். பாடகர், நடிகர், மந்திரி, கொள்ளைக்காரன், காற்பந்தாட்டக்காரன் என்று வந்துகொண்டே இருந்தார்கள். வேல்ஸில் மிக அதிகமான பேருக்கு இருக்கிற குடும்பப் பெயரே இதுதானாம். உலகத்தில் வேறு பெயரே இல்லாததுபோல் என் பிள்ளை இதைப் போய்ப் பிடித்திருக்கிறாள்.

மற்றது, கலியாணம் முடிய மதுரா மிஸிஸ் ஜோன்ஸ் ஆகிவிடுவாள். அந்தப் பள்ளிக்கூட வாசலில் சிவநேசன் என்று கூப்பிடுவது நின்றுவிடும். இதை நான் தவமணியிடம் சொன்னபோது அவள் சட்டிக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ரை அப்பாவின்ரை பேரை விட்டிட்டு உங்கடை பேரைப் போட்டனான். அப்ப அவருக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு ஒருநாள் கேட்டனீங்களோ?"

மூடியை எடுத்துக் கொடுத்தேன்.

3

விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குத்தான் குடும்பப் பெயர் இல்லை, அவர்களுக்கு இருக்கிறது. குடும்பப் பெயர் என்றால் அது ஒரு குடும்பத்தின் பெயராகத்தானே இருக்க வேண்டும். ஜோன்ஸ் என்றால் ஜோன்ஸ் குடும்பம். அப்படியானால் எனக்கு ஒரு ஜோன்ஸைத் தெரியும். ஒஷாவாவில் கார்களுக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு மேற்பார்வையாளராக இருந்த டக் ஜோன்ஸ். அவர் கிட்டத்து உறவாக இல்லாவிட்டாலும் ஒன்றுவிட்ட உறவாகவாவது இருப்பார் என்று கணக்குப் போட்டேன். உடனே இன்னொரு பயமும் பிடித்தது. இந்த மனிதர் எனக்கு ஒரு தைப்பொங்கலுக்கும் லீவு தந்ததில்லை. இவருடைய இரத்தமா என் வீட்டுக்கு வரப்போகிறது?

தவமணிக்குச் சொல்லாமல் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு ஒஷாவாவுக்குப் போனேன். டக் வேலையிலிருந்து இளைப்பாறி, ஒரு கோப்பிக் கடையில் காலையிலிருந்து மத்தியானம் வரை குந்தியிருப்பார் என்று பழைய ஆட்கள் சொல்லியிருந்தார்கள். இருந்தார். என்னைக் கண்டதும், "வல்லி" என்று எழுந்து கையைப் பிடித்தார். வேலையிடத்தில் ஐயாவைப் பாதியாக வெட்டியவரும் அவர்தான்.

ரோல்ஸை நீட்டிவிட்டு, சுகம் கேட்டுவிட்டு, மெல்ல விஷயத்துக்கு வந்தேன். ரீஸ் ஜோன்ஸ் என்று ஒரு பெடியன், உங்களுடைய ஆள்தான், ஆள் எப்படி, குடும்பம் எப்படி, ஒளிக்காமல் சொல்லவேண்டும் என்றேன்.

"எந்த ரீஸ்?" என்றார்.

"உங்கள் குடும்பத்து ரீஸ்."

டக் ரோல்ஸைக் கடித்தபடியே என்னைப் பார்த்தார். என் குடும்பத்தில் அப்படி ஒருவன் இல்லை என்றார். அவருடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நியூபவுண்ட்லாந்தில் மீன்பிடித்தவர்கள். வேல்ஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்குத் திட்டமாகத் தெரியாது. எல்லா ஜோன்ஸும் ஒரு குடும்பம் என்றா நினைத்தாய் என்று கேட்டார். ஓம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, இல்லை என்றால் வந்த காரணம் சொல்ல வேண்டும். கோப்பியைக் குடித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். திரும்பியவர்களில் இரண்டு பேரை ஜோன்ஸ் என்று அறிமுகம் செய்துவைத்தார். அவர்களும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை.

சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பெடியன் உன் மகளிடம் எப்படி நடக்கிறான்?" என்று கேட்டார்.

நான் இன்னும் அவனைப் பார்க்கவே இல்லை.

திரும்பி வரும் வழி முழுக்க அந்தக் கேள்வி பக்கத்து சீற்றில் இருந்துகொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தபோது மதுரா வாசலில் நின்றாள். கோப்பிக் கடையில் டக் எடுத்த படம் எனக்குமுன் அவளுடைய போனுக்கு வந்திருந்தது. டக் அதைக் கதையோடு சேர்த்துத் தன் பேத்திக்கு அனுப்ப, மதுராவின் பள்ளியிலேயே படிப்பிக்கிற அவள் ரீஸ் என்ற பெயரைக் கண்டு மதுராவுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"அப்பா, யூ வென்ற் ரு ஒஷாவா ரு இன்வெஸ்டிகேற் ஹிம்? ரோல்ஸோட?"

"விசாரிக்கிறது எங்கடை வழக்கம், பிள்ளை."

"அப்ப ஆளிட்டையே விசாரியுங்கோ. வாற ஞாயிறு அவையளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுறன்."

4

ரீஸ் நல்ல உயரம். கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். வந்த உடனே சப்பாத்தைக் கழற்றி, மதுராவின் சப்பாத்தையும் தன்னுடையதோடு சேர்த்து ஒதுக்கி வைத்தான். டக்குக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

தகப்பன் ஹியூ ஜோன்ஸ் இளைப்பாறிய பஸ் சாரதி. மனைவி இல்லை, காலமாகிவிட்டார். கட்டையான, கன்னம் சிவந்த மனிதர். தொடக்கத்தில் இருந்தே என்னை ஒரு மாதிரி, பாவம் பார்க்கிறதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்டுக்கறியைப் பற்றிக் கேட்டார், பனியைப் பற்றிக் கதைத்தார். மதுராவும் ரீஸும் எழுந்து குசினிக்குள் போன நேரம் பார்த்து, கதிரையைக் கிட்ட இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

தப்பாக எடுக்கக்கூடாது, பிள்ளையைச் சொந்தப் பிள்ளைபோல வளர்த்திருக்கிறீர்கள், அதற்கு உங்களை நான் மதிக்கிறேன் என்றார். பிறகு, "மதுராவின் அப்பா மிஸ்டர் சிவநேசன், அவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார்.

தவமணி பயத்தங்காய்க் கறியோடு அப்படியே நின்றாள்.

பிறகுதான் விஷயம் வந்தது. நான் விசாரித்ததுபோல அவரும் விசாரித்திருக்கிறார். அவரோடு வேலை செய்த ஒரு தமிழ்ச் சாரதியிடம் சிவநேசன் குடும்பத்தைத் தெரியுமா என்று கேட்டாராம். எந்தச் சிவநேசன், ஸ்காபரோவில் கல்லெறிந்தால் ஒரு சிவநேசன் மேல்தான் விழும் என்றானாம் அவன். எங்கள் வீட்டு ரெலிபோனிலிருந்து அழைப்பு வந்தபோதோ திரையில் வல்லிபுரம் என்று விழுந்திருக்கிறது. இரண்டையும் கூட்டி அவர் எனக்கு, வேறொருவன் பிள்ளையை வளர்த்த ஒரு பெரிய மனசைக் கட்டிவிட்டார்.

"நான்தான் சிவநேசன்" என்றேன். "வல்லிபுரம் என் ஐயா."

எங்கள் வழக்கத்தை விளக்கத் தொடங்கினேன். தகப்பன் பெயர் பிள்ளைக்கு, பிள்ளையின் பெயர் அவன் பிள்ளைக்கு, ஒரு பெயரும் ஒரு தலைமுறைக்கு மேலே போகாது. நான் இந்த நாட்டில் பல கவுண்டர்களில் விளக்கி அலுத்த கதை. ஹியூ பாதியில் கையைத் தூக்கி நிறுத்தி மேசையில் ஓங்கி அடித்தார். நண்டுக்கோது துள்ளியது.

"இது எங்கள் கதை" என்றார்.

அவர் சொன்னது இது. வேல்ஸிலும் முந்தி குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. இன்னாருடைய மகன் இன்னார், அவ்வளவுதான். கொஞ்சம் பெரிய ஆள் என்றால் பாட்டன், பூட்டன் என்று ஒரு மூச்சில் ஏழெட்டுப் பெயர் சொல்லுவான். பிறகு ஆங்கிலேயருடைய அரசாங்கக் கச்சேரிகளும் பதிவுகளும் வந்தன. எழுதுகிறவர்களுக்கு இது பெரிய தலையிடி. ஒரு பெயரைச் சொல், அதையே பிடித்துக்கொள் என்றார்கள். கேட்கப்பட்ட அன்று எவனுக்குத் தகப்பன் பெயர் ஜோனோ அவன் ஜோன்ஸ். ஏவானின் மகன் ஏவன்ஸ், வில்லியமின் மகன் வில்லியம்ஸ். தேவாலயத்தில் வைக்கிற பெயர்கள் கொஞ்சம்தான், அதில் ஜோன் எல்லாருக்கும் பிடித்த பெயர். இறைவன் கிருபை உள்ளவர் என்று அதற்கு அர்த்தமாம். அப்படித்தான் சொந்தமில்லாத ஆயிரம் குடும்பங்கள் ஒரே பெயரில் போய் நின்றன. இதில் பகிடி, அவர்களுடைய பழைய நெடுங்கணக்கில் ஜோன்ஸின் முதல் எழுத்தே இல்லையாம். எங்கள் ஜ எழுத்தும் வந்து ஏறியதுதான் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

தவமணி கறியை மேசையில் வைத்தாள்.

"அப்ப, நீ ஆற்றை பிள்ளை எண்டு கேட்டிருக்கினம். ஜோன்ரை எண்டு சொல்லியிருக்கினம். உதுக்குப் போயோ இந்த மனுசன் ஒஷாவாவுக்குப் போனவர்?"

அதை நான் ஹியூவுக்கு மொழிபெயர்க்கவில்லை. குசினிக்குள்ளிருந்து மதுரா மொழிபெயர்த்தாள்.

அதன் பிறகு சாப்பாடு நடந்ததாக எனக்கு நினைவில்லை, கதைதான் நடந்தது. ஹியூவின் ஊரில் எல்லாரும் ஜோன்ஸ் என்பதால் பாண் விற்கிறவர் பாண் ஜோன்ஸ், பால் கொண்டுவருகிறவர் பால் ஜோன்ஸ், சவப்பெட்டி செய்கிறவர் பெட்டி ஜோன்ஸ். எங்கள் ஊரில் சைக்கிள்கடைக் கந்தையர், சங்கக்கடைக் கந்தையர், முதன்முதல் மின்சாரம் எடுத்த லைற் கந்தையர் என்று நான் எடுத்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் நீ ஆருடைய மகன் என்று ஒருவரும் தன்னைக் கேட்டதில்லை என்றார் ஹியூ. நான் கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஹியூ, வில்லியமின் மகன், வில்லியம் ஓவனின் மகன், ஓவன் ஜோனின் மகன் என்று பள்ளிப்பிள்ளை வாய்ப்பாடு சொல்லுவதுபோலச் சொன்னார். நான் சிவநேசன், வல்லிபுரத்தின் மகன், வல்லிபுரம் ஆறுமுகத்தின் மகன் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. விசாரணையில் தோற்றது நான்தான்.

போகும்போது வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஹியூ இன்னொன்று சொன்னார். பழைய நாளில் அவர்களுடைய பெண்கள் கலியாணம் கட்டினாலும் தகப்பன் பெயரைத்தான் வைத்திருந்தார்களாம். புருஷன் பெயரைப் போடுவது பிறகு ஆங்கிலேயரிடமிருந்து தொற்றியதாம். அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கையில் நண்டு மணத்தது, அதனால் விட்டுவிட்டேன்.

5

மதுராவிடம் அன்றே போய் நின்றேன். நான் ஓம் சொல்லிவிட்டேன், பெடியன் நல்லவன், தகப்பன் அதைவிட நல்லவர் என்றேன். பிறகு வேல்ஸ் நாட்டுப் பெண்களுடைய தொன்மையான உரிமையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லத் தொடங்கினேன்.

"அப்பா, நான் பேர் மாத்தப் போறேல்லை."

நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பாவின் பெயரை விட மனம் வரவில்லையா என்று கேட்டேன்.

"பாஸ்போர்ட், லைசென்ஸ், ஹெல்த் காட், பாங்க், ரீச்சிங் சேட்டிபிக்கற், எல்லாம் மாத்த வேணும். ஹூ ஹாஸ் தி ரைம், அப்பா?"

ஐயாவை என் தலையில் கட்டிய அதே அரசாங்கம்தான் என்னை என் மகளோடு விட்டுவைத்தது. பாசம் செய்யும் என்று எதிர்பார்த்ததை வரிசையில் நிற்கிற பஞ்சி, அந்தச் சோம்பல், செய்துவிட்டது. எனக்கு எப்படிக் கிடைத்தாலும் சரிதான். படுக்கப் போனபோது தவமணியிடம், உன் அப்பாவின் பெயரைத் திரும்பப் போடுகிறாயா, நான் வரிசையில் நிற்கிறேன் என்றேன். "இனி என்னத்துக்கு, உங்கடை பேர் எனக்குப் பழகிப்போச்சு" என்று திரும்பிப் படுத்தாள்.

கலியாணம் இந்தக் கோடையில் நடந்தது. ஹியூ வேட்டிக்கு மேல் பஸ் சாரதி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார், அவிழவில்லை.

இனிப் போன சனிக்கிழமைக்கு வருகிறேன். கொத்துரொட்டிக்கு ரெலிபோனில் ஓடர் கொடுத்துவிட்டு, கடையின் மூலைக் கதிரையில் காத்திருந்தேன். "சிவநேசன்" என்று கவுண்டரில் நின்ற பெண் கூப்பிட்டாள். நான் பாதி எழுந்துவிட்டேன். அதற்குள் வாசல் பக்கமிருந்து நெடிய உருவம் ஒன்று வந்து பையை வாங்கியது. ரீஸ். என்னை அவன் காணவில்லை.

கவுண்டருக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் அவளிடம், "உவன் ஆர் வெள்ளைக்காரப் பெடியன், சிவநேசன் எண்டு எடுக்கிறான்?" என்று கேட்டார்.

"உவர் கிழமைக்குக் கிழமை வாறவர் அண்ணை. முதல் நாள் ஏதோ ஜோன்ஸ் எண்டு சொன்னவர். எனக்கு ஜோன்ஸ் எண்டால் ஆரெண்டு தெரியும்? ஆற்றை ஆள் எண்டு கேட்டன். எங்கடை மதுரா ரீச்சற்றை மனுசனாம். சிவநேசற்றை மருமோன். அப்பிடியே எழுதிப்போட்டன்."

மகள் ஜோன்ஸ் ஆகிவிடுவாள் என்று நான் கிழமைக்கணக்காக நித்திரை கொள்ளவில்லை. இங்கே ஒரு ஜோன்ஸ் சத்தமில்லாமல் சிவநேசனாகிக் கொத்துரொட்டி கட்டிக்கொண்டு போகிறான். ஹியூவின் ஊரில் பாண் ஜோன்ஸ், பால் ஜோன்ஸ் என்பதுபோல இது எங்கள் ஊர் ஜோன்ஸ்.

அடுத்ததாக அவள், "வல்லிபுரம்" என்று கூப்பிட்டாள். நான் போய் நின்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "வல்லிபுரம் நீங்களோ, அண்ணை?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. நான்தான் உந்தச் சிவநேசன்."

"அப்ப வல்லிபுரம்?"

"அது ஐயா."

"ஓம், ஓம்" என்று சொல்லிப் பையைத் தந்தாள். மேலே ஒரு கேள்வியும் கேட்கவில்லை.